திறக்க மறுத்த கடிதம்

அத்தியாயம் ஒன்பது

நவமணி அன்று காலை ஜெபத்தின் நடுவில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார்.

"ஆண்டவரே, இண்டைக்கு ஜொனதனுக்கு வெற்றியைக் குடும்," என்றவர் சட்டென்று நின்றார். மேசையின் இந்தப் பக்கம் மகள் இருந்தாள். "நிமலினிக்கும் குடும்."

ஜொனதன் கண்ணை மூடியபடியே சொன்னான். "அம்மா, இருக்கிறது ஒரு வெற்றிதான். ஆண்டவரைக் குழப்பாதேங்கோ."

"நீ ஆமென் சொல்லு."

இருவரும் ஆமென் சொன்னார்கள். ஒன்பது நாளில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சொன்ன ஒரே சொல் அதுதான்.

கிருபாலயம் வைத்தியசாலையின் நிர்வாகக் குழுவுக்கு நிமலினி எழுதிய ஒரு கடிதத்தோடு தொடங்கிய மௌனம் அது. பதினெட்டுக் கணினிகளையும் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றலாம், இருக்கிற பழைய மெசின்களே போதும் என்று எழுதியிருந்தாள். கணினிப் பொறுப்பாளராக அங்கே சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

அதே குழுவுக்குப் புதிய கணினிகளும் விண்டோஸும் தருவதாக இன்னொருவர் விலை கொடுத்திருந்தார். அந்த இன்னொருவர் உரும்பிராய்ச் சந்தியில் கடை வைத்திருக்கும் தன் அண்ணன்தான் என்பது, கடிதம் கைமாறிய பிறகே அவளுக்குத் தெரிந்தது. கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து அவன் திறந்த கடை. வைத்தியசாலையின் இந்த ஓடர் வந்தால் கடை நிலைக்கும். வராவிட்டால் புதுவருடத்துக்குமுன் பூட்ட வேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்று அன்று ஜொனதன் கேட்டான்.

'நீங்களும் எனக்குச் சொல்லியிருக்கலாம்' என்ற பதில் நிமலினிக்கு அடுத்த நாள் காலை பல் துலக்கும்போதுதான் வந்தது. அவளுடைய பதில்கள் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும்.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு நாள் வேலை செய்து பார்ப்பது, நாலு மணிக்கு முடிவெடுப்பது என்று குழு தீர்மானித்தது. அந்த நாள் இன்று.

நவமணி இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளை மேசையில் வைத்தார். "ரெண்டிலையும் ரெண்டு ரெண்டு மீன் துண்டு. ஆரும் திறந்து எண்ணத் தேவையில்லை. நிமலி, உன்ரை அண்ணையிட்டைச் சொல்லு, தண்ணிப் போத்திலை விட்டிட்டுப் போறான் எண்டு."

ஜொனதன் அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றான்.

"அம்மாட்டைச் சொல்லு, எடுத்திட்டன் எண்டு," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

நிமலினி அம்மாவைப் பார்த்தாள். "நான் என்ன, உங்கடை தபால் கந்தோரே?"

*

குழுத் தலைவர் சீவரத்தினம் முப்பது வருடம் பள்ளி அதிபராக இருந்தவர். வைத்தியசாலையின் முன்மண்டபத்தை அவர் பரீட்சை மண்டபமாக்கியிருந்தார். கைத்தொலைபேசிகள் எல்லாம் காயத்துக்கு மருந்து கட்டும் சில்வர் தட்டில் வரிசையாகக் கிடந்தன.

"இன்ரர்நெற் இல்லை. வெளியிலையிருந்து ஒண்டும் எடுக்கேலாது. ரெண்டு பக்கமும் கையிலை கொண்டு வந்ததை வைச்சுத்தான் செய்யவேணும். விளங்குதோ?"

இன்ரர்நெற்றைத் துண்டிக்கும் அளவுக்கு அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு வைரஸ் புகுந்து வைத்தியசாலையின் கோப்புகளை எல்லாம் பூட்டிப்போட்டது. யாரோ எப்போதோ உரிமமில்லாமல் சும்மா போட்டுக் கொடுத்துவிட்டுப் போன மென்பொருள், ஒரு நாளும் புதுப்பிக்கப்படாதது. அந்த வாரமே குழு தீர்மானம் எடுத்தது. இனி எது வந்தாலும் முறையான உரிமத்தோடுதான் வரவேண்டும். இன்றைய அறிக்கைப் படிவத்தின் கடைசி வரியும் அதுதான்: 'இரு தரப்பினதும் உரிமங்கள் பரிசோதிக்கப்பட்டன.' அதன் கீழே கணினிப் பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும்.

படிவத்தை எட்டிப் பார்த்த அற்புதராணி சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கே தட்டச்சு செய்பவர். "பரீட்சை எழுதிறதும் நிமலினி, திருத்திறதும் நிமலினி. நல்ல கூத்து."

"ஊரிலை வேறை ஆருக்கு இது தெரியும்?" என்றார் சீவரத்தினம். "எனக்கு இந்தப் பிள்ளையிலை நம்பிக்கை இருக்கு."

நிமலினிக்குக் காது மடல் சுட்டது. படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சுவர்ப் பக்கம் அவளுடைய மூன்று கணினிகள். எல்லாம் வைத்தியசாலையின் பழைய மெசின்கள். ஒன்றுக்குப் பக்கமூடிகூட இல்லை. யன்னல் பக்கம் ஜொனதன் கொண்டுவந்த மூன்று புதிய கணினிகள். மெல்லிய, கறுத்த, சி.டி. எனப்படும் இறுவட்டுப் போட வாயே இல்லாத மெசின்கள். நடுவில் நோயாளர் வரிசை. எந்தப் பக்கம் கதிரை வெறுமையாகிறதோ, அடுத்தவர் அந்தப் பக்கம்.

எட்டு மணிக்குத் தொடங்கியது. அற்புதராணி சுவர்ப் பக்கம் இருந்தார். விசைப்பலகையைப் பார்த்து அடிப்பது அவருக்கு அவமானம். அதனால் பழைய தட்டச்சுப்பொறியின் விசை ஒழுங்கையே நிமலினி லினக்ஸில் அமைத்துக் கொடுத்திருந்தாள். பத்து நிமிடத்தில் அற்புதராணியின் விரல்கள் ஓடத் தொடங்கின.

"புதுப் பெட்டி எண்டு பயந்தனான். இது என்ரை பழைய பெட்டிதான், குளிப்பாட்டி விட்டிருக்கிறீர்."

பதினொரு மணிக்குச் சுவர்ப் பக்கம் நாலு நோயாளர் முன்னுக்கு நின்றது. மருந்துச்சாலைக்கு மருந்துச் சீட்டு தடங்கலின்றிப் போனது. நிமலினி நிமிர்ந்தபோது ஜொனதன் நோயாளர் எண்ணிக்கை எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வயர் ஒன்றைச் சரிசெய்யக் குனிந்தான். அது சரியாகத்தான் இருந்தது.

அவளுக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. வெல்லும்போது ஒரு மனிதருக்குச் சந்தோசம் வரவேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

*

பதினொன்று இருபதுக்குப் பூரணம் வந்தார். வெங்காயத் தோட்டத்து மண் காலில் காயவில்லை.

"பிள்ளை, என்ரை மனுசன்ரை காலை வெட்டி எடுக்கேக்கை இஞ்சையிருந்து ஒரு கடிதம் தந்தவை. நாலு வருசம் ஆச்சு. பெட்டிக்குள்ளை வைச்சனான், கறையான் திண்டிட்டுது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு இண்டைக்குப் பிரதேச செயலகத்திலை விசாரணை. பன்னிரண்டு மணிக்குப் பேர் கூப்பிடுவினம். கடிதம் இல்லாட்டி இந்த முறை இல்லையாம்."

வாசலில் ஓட்டோ நின்றது. உள்ளே அவருடைய கணவர். ஊன்றுகோல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அந்தக் கடிதம் நான் அடிச்சதுதான்," என்றார் அற்புதராணி. "என்னட்டை இருக்கு."

அற்புதராணி கணினி வலையை நம்பாதவர். தான் அடித்த கடிதங்களை மாதம் முடிய இறுவட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பார். சாவியை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். வைரஸுக்குத் தப்பியவை அந்த இறுவட்டுகள் மட்டும். ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். பழைய மெசின் அதை முனகிக்கொண்டு வாங்கியது.

கடிதம் திரையில் வந்தது. பூரணம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, இங்கிலீசே?"

நிமலினி திரைக்குக் குனிந்தாள். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியும். நோயாளிக்குப் பொறுப்பானவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் G+uzk; என்று நின்றது.

"கூட்டல் அடையாளமும் கிடக்கு," என்றார் பூரணம். "கடிதத்தைக் கேக்கக் கணக்குக் காட்டுறியள்."

அற்புதராணி திரையைப் பார்த்தார். அவருடைய விரல்கள் மேசையில் தாமாகவே தட்டின. "பூ... ர... ண... ம். உங்கடை பேர்தான் அக்கா. இது பாமினி."

பாமினி. இந்தத் தீபகற்பத்தில் எத்தனையோ வருடமாகக் கல்யாணக் கார்ட்டையும் மரண அறிவித்தலையும் அடித்த எழுத்துரு. அது உள்ள கணினியில் எல்லாம் தமிழ். அது இல்லாத கணினியில் எல்லாம் குப்பை. அந்த எழுத்துருவை நிமலினி தன் மெசின்களில் போடவில்லை.

புதிதாக அடிப்பதை அவள் நூறு தரம் சோதித்திருந்தாள். பழையது ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய காலத்தில் ஒருவரும் பாமினியில் அடிப்பதில்லை. தனக்குப் பழசு என்றால் எல்லோருக்கும் பழசு என்று நினைத்திருக்கிறாள்.

"நான் வாசிக்கிறன், நீர் அடியும்," என்றார் அற்புதராணி. விரலைத் தட்டித் தட்டி ஒரு வரி வாசித்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் போனது. கடிதம் இரண்டு பக்கம்.

வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

நிமலினி கடிதத்தைத் தன் பென்ட்ரைவில் ஏற்றினாள். எழும்பிச் சீவரத்தினத்தின் மேசைக்குப் போனாள். "சேர், மற்றப் பக்கத்திட்டை உதவி கேக்கலாமோ?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அவர் தந்தால் எடுக்கலாம். ஆனா அறிக்கையிலை எழுதவேணும்."

மண்டபத்தைக் கடக்கப் பதினாறு அடி. அவள் எண்ணினாள்.

"அண்ணை."

ஜொனதன் நிமிர்ந்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தச் சொல் அவனுக்கும் எங்கோ இடித்திருக்க வேண்டும்.

"பாமினிக் கடிதம் ஒண்டு. என்ரை பக்கம் திறக்குதில்லை. இதிலை ஏத்தியிருக்கிறன். உங்கடை பிறிண்டரிலை எடுத்துத் தாறியளே? அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு விசாரணை."

அவன் ஓட்டோவைப் பார்த்தான். ஊன்றுகோல்களைப் பார்த்தான். நீட்டிய பென்ட்ரைவை வாங்கவில்லை.

"என்ரை பக்கம் எடுத்தால் உன்ரை பக்கம் ஏலாமப் போச்சு எண்டு எழுதுவினம்," என்று மெதுவாகச் சொன்னான். காற்சட்டைப் பையிலிருந்து தன் பென்ட்ரைவை எடுத்தான். "இதுக்கை பாமினி எழுத்துப் பொன்ற் கிடக்கு. கொண்டுபோய் உன்ரை மெசினிலை போட்டு அங்கையே எடு. கெதியா."

அவள் திரும்பினாள்.

"நிமலி. பொன்ற்றை மட்டும் எடு. வேறை ஒண்டையும் திறக்காதை."

அவள் வேறொன்றையும் திறக்கவில்லை. எழுத்துருவைப் பிரதி செய்தாள். கடிதத்தை மூடித் திறந்தாள். திரை முழுவதும் தமிழ் வந்து உட்கார்ந்தது. "ஐயோ, என்ரை பேர்!" என்றார் பூரணம். அற்புதராணி இரண்டு பக்கத்தையும் அச்சிட, சீவரத்தினம் உண்மைப் பிரதி என்று ஒப்பமிட, பூரணம் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினார். ஓட்டோ புறப்பட்டது.

பென்ட்ரைவைக் கழற்றக் கை வைத்தபோதுதான் நிமலினி அதைக் கண்டாள். எழுத்துருக்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்புறை. பெயர், 'கிருபா-18.' அதற்குக் கீழே ஒரு மென்பொருள் நிரல். திறக்கத் தேவையில்லை. காசு கொடுக்காத விண்டோஸை, காசு கொடுத்தது போல நம்ப வைக்கும் நிரல் அது. பல்கலைக்கழக விடுதியில் பாதிப் பேரிடம் இருந்தது. அந்த நிரலின் பெயர் அவளுக்கு மனப்பாடம்.

கிருபாலயம். பதினெட்டுக் கணினி.

திரையின் மூலையில் நேரம் 11.38 என்றிருந்தது.

*

சாப்பாட்டு நேரம் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால், வேப்பமர நிழலில் ஜொனதன் இருந்தான். நிமலினி பக்கத்தில் போய் இருந்தாள். அவன் ஒன்றும் பேசாமல் அவளுடைய பெட்டிக்குள் கைவிட்டு ஒரு மீன் துண்டை எடுத்தான். சின்ன வயதிலிருந்து செய்கிற களவு. இன்னொரு நாளென்றால் அவள் கையில் அடித்திருப்பாள்.

"அந்த அம்மா நேரத்துக்குப் போயிருப்பா," என்றான்.

"அண்ணை, கிருபா-18 எண்டால் என்ன?"

மீன் அவன் வாயருகில் நின்றது.

"திறக்காதை எண்டனான்."

"திறக்கேல்லை. பேர் தெரிஞ்சது."

அவன் மீனைத் திருப்பி அவள் பெட்டிக்குள் வைத்தான்.

"லைசன்ஸையும் சேர்த்தால் என்ரை விலை உன்ரை கடிதத்துக்குப் பக்கத்திலையும் வராது. உனக்குப் பழைய மெசினே போதும். லினக்ஸ் சும்மா கிடைக்கும். நான் எதோடை போட்டி போடுறது? முதல் கொடுப்பனவு வந்தவுடனை பதினெட்டுக்கும் வாங்கிப் போடுவம் எண்டுதான் இருந்தனான். சத்தியமா வாங்கியிருப்பன்."

"தெரியும்."

"பிறகென்ன?"

"வைரஸ் வந்த மெசினுக்குப் போட்டுக் குடுத்தவரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பார்."

"அதையும் இதையும் ஒண்டாக்காதை. நான் ஓடிப்போற ஆள் இல்லை."

"இல்லை அண்ணை. ஆனா படிவத்திலை நான் ஒப்பம் வைக்கவேணும்."

அவன் அவளை நேராகப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். களைப்புத்தான் இருந்தது.

"நான் அந்தப் பென்ட்ரைவைத் தராமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிஞ்சிராது."

"ஓம்."

"தந்ததுக்குத்தான் இது."

இதற்குப் பதில் நாளைக்கும் வராது என்று நிமலினிக்குத் தெரிந்தது.

"நாலு மணிக்கு முதல் நீங்களே சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லவேணும். நீங்கள் சொன்னால் அது பிழை. நான் சொன்னால் அது களவு."

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். பாதிப் புட்டு அப்படியே இருந்தது. "அம்மா கேட்டால் நல்லாச் சாப்பிட்டன் எண்டு சொல்லு," என்றுவிட்டு எழும்பிப் போனான்.

*

நாலு மணிக்குக் குழு கூடியது. ஐந்து பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால். குறிப்பெழுத அற்புதராணி ஓரமாக இருந்தார். முன்னால் இரண்டு கதிரைகள்.

சீவரத்தினம் படிவத்தை வாசித்தார். பதிவு செய்த நோயாளர் சுவர்ப் பக்கம் நாற்பத்தொன்று, யன்னல் பக்கம் முப்பத்தாறு. சுவர்ப் பக்கம் பழைய கடிதத்தைத் திறக்க மற்றத் தரப்பிடம் எழுத்துரு வாங்க நேர்ந்தது. அதை நிமலினி தன் கையாலேயே எழுதியிருந்தாள். கடைசி வரிக்கு வந்தவர் நின்றார்.

"உரிமம் பாத்ததுக்கு ஒப்பம் இல்லையே. மறந்திட்டீரோ?"

நிமலினி வாயைத் திறந்தாள். பக்கத்துக் கதிரை பின்னால் இழுபட்ட சத்தம் கேட்டது.

"சேர், நான் ஒண்டு சொல்லவேணும்," என்றான் ஜொனதன். நின்றுகொண்டிருந்தான். கைகள் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தன. "என்ரை மூண்டு மெசினுக்கும் உரிமம் இல்லை. விலையிலை பதினெட்டுக்கும் தாறன் எண்டு எழுதினனான். வாங்கேல்லை. பிறகு வாங்கலாம் எண்டு நினைச்சனான். அது பிழை. என்ரை விலையைத் திருப்பி எடுக்கிறன்."

அற்புதராணி அதைக் குறிப்பேட்டில் எழுதினார்.

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர். இப்போது அவர் பார்த்தது ஜொனதனை அல்ல.

"பிள்ளை, இது உமக்கு முதலே தெரியுமோ?"

"அவவுக்கு ஒண்டும் தெரியாது சேர்," என்றான் ஜொனதன் அவசரமாக.

நிமலினி அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையை மிக மெல்ல அசைத்தான். சொல்லாதை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, வேலை நிரந்தரமாக. ஒரு 'ஓம்' மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

"தெரியும்," என்றாள்.

"எப்ப?"

"பதினொண்டு முப்பத்தெட்டுக்கு, சேர்."

அற்புதராணியின் பேனை நின்றது. சீவரத்தினம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு படிவத்தை மூடினார்.

"நாலு மணித்தியாலத்துக்கு மேலை," என்றார். குரலில் கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் வெளியிலை இருங்கோ."

வெளியே நோயாளர் காத்திருக்கும் நீள வாங்குப் பலகையில் இருவரும் இருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

"விசரி, உனக்குப் பைத்தியமே?" என்றான் ஜொனதன். "நான்தான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டனே. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

"நீங்களும் பென்ட்ரைவைத் தராமல் இருந்திருக்கலாம்."

சொல்லிமுடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. இந்த முறை பதில் அதே நாளில் வந்திருந்தது.

ஜொனதன் தலையைக் குனிந்து சிரித்தான். சிரிப்பு முடியும்போது முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவனிடம் நீட்டினாள். திருப்பி வைத்த மீன் துண்டு அப்படியே கிடந்தது. அவன் எடுத்தான்.

கதவு திறந்தது. அற்புதராணி நின்றார். அவர் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"பிள்ளை, உம்மை மட்டும் வரட்டாம்."

நிமலினி எழும்பினாள்.

அவளோடு உள்ளே போக ஜொனதனும் எழும்பினான்.